நீல டேப் ஒட்டிய மைக்

போன மாதம் எங்கள் சவுண்ட் ஆப்பரேட்டர்களின் வாட்ஸப் குழுவில் மகேஸ்வரி ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். பண்ருட்டியில் கணவரோடு சேர்ந்து சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர், வேலையில் கெட்டி. "அண்ணமாருங்களே, ஒரு ரிசப்ஷனுக்கு கிட்டார் வாசிக்க வர்றவரு பழைய ஆம்ப் பெட்டியத் தூக்கினு வராராம். இப்பல்லாம் கால்ல மிதிக்கிற பெட்டியிலேருந்து நேரா மிக்சருக்கு ஒயர் குடுத்துடுறாங்க. ஆம்ப் முன்னாடி நான் மைக் வெச்சதே இல்ல. எந்த மைக் வெக்கலாம்? எங்க வெக்கலாம்?" என்று கேட்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் இருபது பதில்கள். ஆளுக்கொரு மாடல் நம்பர். இரண்டு பேர் சண்டையே போட்டுக்கொண்டார்கள். நான் மூன்று முறை டைப் அடித்து மூன்று முறையும் அழித்தேன். முப்பத்திரண்டு வருடம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கிற அத்தனை மேடையிலும் மைக் வைத்தவன் நான். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொல்லப் போனால் குணாவைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். குழுவில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வடலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கரும்பு போட்ட குடும்பம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு கடலூர் முதுநகரில் ஜமால் பாயின் சவுண்ட் சர்வீசில் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் ஒயர் சுருட்டினேன், ஸ்பீக்கர் தூக்கினேன், தைப்பூசக் கூட்டத்தில் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். அந்த ஐந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பாய் பதினோரு வருடம் சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் மேடையில் சவுண்ட் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். எங்கள் தொழிலில் எல்லோரும் கத்துவார்கள். பாய் கத்தி நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நின்று, "சரி, கழட்டு" என்பார். அவ்வளவுதான். எதைக் கழட்டுவது, ஏன் கழட்டுவது என்று சொல்ல மாட்டார். மொத்தத்தையும் கழட்டி முதலிலிருந்து போடும்போது தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். அதற்குள் கையும் வலிக்கும், மானமும் போகும். அவரிடம் இரண்டு அடி வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கிட்டார் ஆம்புக்கென்று, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டிக்கென்று, பாய் மூன்று மைக் வைத்திருந்தார். ஒன்றில் சிவப்பு டேப், ஒன்றில் நீல டேப், ஒன்றில் டேப் இல்லை. பாடகர்கள் பிடித்துப் பாடுகிற சாதா மைக் வகைதான் மூன்றும். காற்று மூச்சுவிட்டாலும் பிடிக்கிற நுட்பமான மைக்கை ஆம்புக்கு வைத்தால், கிட்டாரோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கிற டிரம்சையும் அள்ளிக்கொண்டு வரும். கடலூர் சில்வர் பீச் மேடை என்றால் கடல் காற்றும் இலவசம். ஆகவே கிட்டார் பெட்டிக்குச் சாதா மைக் போதும் என்பது பாயின் கட்சி. சிவப்பு டேப் மைக் சத்தத்தைக் கூராகக் காட்டும். டேப் இல்லாதது உள்ளதை உள்ளபடி சொல்லும். நீல டேப் மைக் கூரை மழுக்கும், காதைக் கிழிக்கிற சத்தத்தையும் கொஞ்சம் சாந்தமாக்கிக் கொடுக்கும்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஆம்ப் பெட்டியின் முன்னால் துணி மூடியிருக்கும். பாய் டார்ச் அடித்துத் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் நடுக்குமிழ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். சாக்பீஸால் துணிமேல் ஒரு புள்ளி வைப்பார். நடுவுக்கு நேராக மைக் வைத்தால் சத்தம் கூர். ஓரத்துக்குப் போகப் போக மழுங்கும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது, அது ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு. வாசிப்பவரைச் சன்னமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, பாய் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறுகாதைப் பெட்டி முன்னால் இடமும் வலமும் நகர்த்துவார். நல்லாயிருக்கிற இடம் வந்ததும் அசையாமல் நின்று, "இங்க" என்பார். அவர் காது இருந்த இடத்தில், துணியிலிருந்து நாலு விரல் தள்ளி மைக் வரும். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் அவசரத்தில் முழுச் சத்தத்திலும் காதைக் கொண்டுபோய் வைத்தவன். இன்று என் இடது காதில் ஒரு வண்டு நிற்காமல் ரீங்காரம் போடுகிறது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன், எல்லா மைக் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சரை விட்டு எழுந்தேன்.

இன்னொரு வழக்கமும் பாயிடம் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நோட்டில் எழுத வேண்டும்: எந்த மைக், நடுவிலிருந்து எத்தனை விரல், ஆம்ப் பெட்டியின் திருகுகள் எத்தனை மணியில் இருந்தன. திருகின் கோடு நேர்மேலே பார்த்தால் பன்னிரண்டு மணி. வலது பக்கம் திருகத் திருக ஒன்று, இரண்டு, மூன்று. முழுக்கத் திருகினால் ஐந்து. "குணா: ட்ரெபிள் 12, டேப் இல்லாதது, ரெண்டு விரல்" என்று இருக்கும். புதிதாய்ப் பார்க்கிறவர்கள் ஏதோ ரயில் நேரம் என்று நினைப்பார்கள். ட்ரெபிள் என்பது சத்தத்தின் கூரான மேல்பகுதியைக் கூட்டுகிற திருகு. இந்தக் கதையில் அந்த ஒரு திருகு தெரிந்தால் போதும்.

குணா சிதம்பரத்துக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். நாங்கள் நிரந்தரமாக சவுண்ட் கொடுத்துவந்த மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். தன் கனத்த ஆம்ப் பெட்டியை பாசஞ்சர் ரயிலில் ஏற்றி முதுநகரில் இறக்கித் தோளில் வைத்து நடந்து வருவான். வந்ததும் வராததுமாக, "மச்சான், டீ சொல்லு, தோளு கழண்டுடுச்சி" என்பான். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். அந்தக் கணக்கில் அவன் மனைவி செல்வி என்னை அண்ணே என்று கூப்பிடும். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் புடவையும் வேட்டியும் எடுத்துப் போவேன்.

அவன் வாசிப்பைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆயிரம் கச்சேரி கேட்டுச் சலித்த காது இது. அவன் தனியாக ஒரு இழை வாசிக்கும்போது மட்டும் மிக்சரில் இருக்கிற கையை எடுத்துவிடுவேன். கெடுக்கக் கூடாது என்று தோன்றும்.

அவன் ஆம்பின் ட்ரெபிள் பல வருடம் பன்னிரண்டு மணியில் நின்றது. நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. பிறகு ஒன்று. அடுத்த வருடம் பொங்கலில் இரண்டு. நான் டேப் இல்லாத மைக்கை எடுத்துவிட்டு நீல டேப் மைக்கை வைத்தேன். சரியாகிவிட்டது. மூன்று ஆனபோது மைக்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினேன். அதுவும் சரியாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட. கச்சேரி முடிந்து குழுத் தலைவர் வந்து, "குணா டோன் இன்னிக்கி வெண்ணெய்யா" என்று என் தோளைத் தட்டுவார். குணாவைத் தட்டாமல் என்னைத் தட்டுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, பிடித்துத்தான் இருந்தது.

அதே காலத்தில்தான் அவன் மானிட்டரையும் ஏற்றச் சொல்ல ஆரம்பித்தான். வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்பதற்காக மேடையில் அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பெயர். பாட்டுக்கு நடுவே என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே தூக்குவான். நான் ஏற்றுவேன். மறுபடி விரல். மறுபடி ஏற்றுவேன்.

மாதக் கடைசியில் பாய் நோட்டைப் படிப்பார். ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர், குணாவின் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"குணா காது எப்படி இருக்கு?" என்றார்.

"காதுக்கு என்னா பாய்? பெட்டி தரையில கெடக்குது, அவன் நின்னுனு வாசிக்கிறான். சத்தம் முட்டிக்குப் போவுது. கேக்கலன்னு ட்ரெபிள ஏத்துறான். எல்லா கிட்டார்காரனும் பண்றதுதான?"

நான் சொன்னது உண்மையான காரணம்தான். அப்படியும் நடக்கும். பாய் மறுக்கவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு. அடுத்த ஷோவுல பெட்டிய நாற்காலி மேல வெச்சி, அவன் மூஞ்சிக்கு நேரா சாச்சி வெய்யி. அவனே ட்ரெபிளக் கொறைச்சான்னா பெட்டி நின்ன எடம்தான் கொறை. கொறைக்கலன்னா காது."

அடுத்த நிகழ்ச்சி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்கால ரிசப்ஷனுக்கு மத்தியானமே போய்ப் பெட்டியை நாற்காலியில் ஏற்றி, பின்னால் செங்கல் முட்டுக் கொடுத்து அவன் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். வேண்டுமென்றே ட்ரெபிளைப் பன்னிரண்டில் வைத்தேன். குணா வந்தான். "என்னா மச்சான், பெட்டிக்கு சிம்மாசனம்லாம் போட்டிருக்கிற?" என்று சிரித்தான். ஒயரைச் சொருகி ஒரு முறை மீட்டினான். முகத்தைச் சுளித்தான். குனிந்து திருகைத் திருகினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் வந்து நிறுத்திவிட்டு, "ஆங், இப்ப சரி" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். பல் கூசியது. எட்டடி தள்ளி இலை போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்துக் காதைப் பொத்தினார். குணா கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? நீல டேப் மைக்கைத் துணியின் கடைசி ஓரத்துக்குத் தள்ளினேன். மிக்சரில் மேல் சத்தத்தை வெட்டினேன். நோட்டில், "குணா: ட்ரெபிள் 4, நீலம், ஓரம்" என்று எழுதினேன். ரிசப்ஷன் பிரமாதமாக நடந்தது.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று பாய் கேட்டார். "நானே சொல்றன் பாய், அவன் என் மச்சான்" என்றேன். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கிட்டார்காரனிடம் போய் உனக்குக் காது மந்தமாகிறது என்றால் அடுத்த வாரம் குழுவுக்குத் தெரியும், அதற்கடுத்த வாரம் வேறு ஆள் வருவான். நானிருக்கிறவரைக்கும் அவன் சத்தம் நல்லாத்தானே இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். சொன்னால் இன்னொன்றும் நடக்கும். நாலு மணி ட்ரெபிளை வெண்ணெயாக்கித் தருகிற வித்தைக்காரன் என்ற பேர் எனக்குப் போய்விடும். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து பாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனது. வீட்டில் போய்ப் பார்த்தபோது பேச்சுக் குழறியது. அந்த நிலைமையிலும், "குணாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டன் பாய்" என்றேன். தலையாட்டினார். ரம்ஜான் முடிந்த வாரம் காலமானார். கடையும் மைக்குகளும் நோட்டுகளும் என்னிடம் வந்தன. பிறகு வந்த பெருவெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மேல் அலமாரியில் இருந்த ஒரு கட்டு நோட்டுதான் மிஞ்சியது.

செல்வி கேட்டதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. சிதம்பரத்தில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். குணாவின் குழுதான் கச்சேரி, நான்தான் சவுண்ட். மேடை போட்டுக்கொண்டிருந்தபோது செல்வி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறன், தப்பா நெனைக்காதீங்க. வூட்டுல டிவிய அலற வெக்கிறாரு. குக்கர் விசில் கேக்க மாட்டங்குது. பொண்ணு பேசுனா ரெண்டு தடவ கேக்குறாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, எனக்கு ஒண்ணுமில்ல, காது போயிருந்தா கச்சேரி பண்ண முடியுமான்னு கோவிச்சிக்கிறாரு. நீங்க தினம் கூட இருக்கிறீங்க. மேடையில சரியா வாசிக்கிறாரா? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியுமா? அன்று நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்வி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அருமையா வாசிக்கிறான்" என்றேன்.

செல்வியின் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரி அண்ணே" என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனது.

அதற்கு மேல் நாலு வருடம் ஓடியது. அந்த நாலு வருடமும் நான் மானிட்டரை ஏற்றிக்கொண்டே இருந்தேன். ட்ரெபிள் நாலரை ஆனது, ஐந்து ஆனது. ஐந்துக்கு மேல் திருகு போகாது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய குழு சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தது. அவர்கள் அடுத்த மாதம் வெளிநாட்டுப் பயணம் போக ஒரு கிட்டார்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ குணா பேரைச் சொல்லியிருக்கிறார்கள். விழா அன்று சாயங்காலம் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். குணாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுத்தான். பாஸ்போர்ட் எடுக்கப் போட்டோ எடுத்து வைத்துவிட்டான். ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் என்னுடையவை. மைக், மிக்சர் எல்லாம் அவர்களுடையவை, ஆப்பரேட்டரும் அவர்கள் ஆள். நான் நீல டேப் மைக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவர்கள் ஆப்பரேட்டர் நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். குணாவின் பெட்டி முன்னால் கூரான ஒரு மைக்கை நடுவுக்கு நேராக வைத்தார். எல்லோரும் முதலில் வைக்கிற இடம் அதுதான். ஒத்திகை பார்க்க நேரமில்லை என்றார்கள். நான் போய், "சார், இந்தப் பெட்டி கொஞ்சம் கூர் ஜாஸ்தி. இந்த மைக்க ஓரத்துல வெச்சிக்குங்க" என்று நீல டேப் மைக்கை நீட்டினேன்.

"பரவாயில்ல சார், இதுவே போதும். கூரா இருந்தா நான் இங்க கொறைச்சிக்கிறன்" என்றார் அவர்.

அப்போதாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். "சார், இவனுக்குக் காது கேக்கல" என்று அவர் காதோடு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். முதல் வரிசையில் செல்வியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

குணா மீட்டியதும் முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்தியது. தகரத்தில் ஆணி கிழித்த சத்தம். ஆப்பரேட்டர் பதறிப்போய்க் குறைத்தார்; குறைத்ததும் கிட்டாரே காணாமல் போனது. ஏற்றினால் கிழித்தது. பின்னால் மாணவர்கள் ஊளையிட ஆரம்பித்தார்கள். சென்னைக் குழுத் தலைவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். அவர் முன்னாலிருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அதை மறந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஒனக்குக் காது கேக்குதா, கேக்கலையா?"

மைதானமே சிரித்தது. குணாவுக்கு அவர் என்ன கேட்டார் என்பதுகூடச் சரியாக விளங்கவில்லை. கூட்டம் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். பிறகு என்னைத் தேடிப் பிடித்து, மேடையிலிருந்தே கத்தினான்:

"மச்சான், இவுங்க மைக் சரியில்ல! நீ வந்து வெய்யி! நீ வெச்சாத்தான் சரியா வரும்!"

நான் போகவில்லை. பையில் மைக் இருந்தது. வேறு ஒருவரைக் கூப்பிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். குணா தன் பெட்டியின் ஒயரைத் தானே பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

அடுத்த வாரம் குணாவைப் பாண்டிச்சேரியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். செல்விதான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினார். கோடு இடதிலிருந்து வலதுக்கு நேராக வந்து, பாதியில், கூரான சத்தங்கள் தொடங்குகிற இடத்தில், சரிந்து கீழே விழுந்தது. "பெரிய சத்தத்திலேயே வருசக்கணக்கா இருந்ததால வந்தது. போனது திரும்ப வராது. நாலு வருசம் முன்னாடி வந்திருந்தா இருந்ததைக் காப்பாத்தியிருக்கலாம். சத்தத்தைக் குறைச்சு, காதுக்கு அடைப்பான் போட்டு வாசிச்சிருக்கலாம்" என்றார். செல்வி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கிறான் என்கிற பார்வைதான் அது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் குணா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் கேட்டான்: "மச்சான், ஒனக்கு எப்பவாச்சும் தோணுச்சா? என் வாசிப்புல ஏதாச்சும் வித்தியாசம்?"

"இல்லடா" என்று வாயசைத்துத் தலையையும் ஆட்டினேன்.

"ஒனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தான். அந்தப் பேச்சில் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பொய்யில் வந்த ஆறுதல்தான்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. குணா இப்போது சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறான். காதுக்குள் வைக்கிற மெஷின் வாங்கினார்கள். இரைச்சலாக இருக்கிறது என்று பாதி நாள் கழட்டி டிவி மேல் வைத்துவிடுகிறான். கிட்டார் உறையோடு பீரோ மேல் இருக்கிறது.

மகேஸ்வரிக்கு நான் கடைசியில் தனியாகப் பதில் அனுப்பினேன். "எந்தச் சாதா மைக்கும் போதும்மா. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில, நாலு விரல் தள்ளி வை. ஆனா அதுக்கு முன்னாடி ட்ரெபிள் திருகு எத்தனை மணியில இருக்குன்னு பாரு. மூணைத் தாண்டியிருந்தா மைக்கைக் கீழ வச்சிட்டு, வாசிக்கிறவர்கிட்ட போய்ப் பேசு." அனுப்பிவிட்டு அதையே திரும்பப் படித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன், என் மச்சானிடம் நான் பேசினேனா? மறுநாள் காலையில் வெள்ளத்தில் மிஞ்சிய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை. குணா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். காதில் மெஷின் இல்லை. செல்வி உள்ளே சமையலில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன்: "குணா, எனக்கு முன்னாடியே தெரியும்டா."

"என்னா?"

"எனக்குத் தெரியும்."

"என்னாது? சத்தமாச் சொல்லு மச்சான், மெஷின் உள்ள கெடக்குது."

பக்கத்தில் இருக்கிறவனுக்கு ரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். வருடக்கணக்கில் சொல்லாமல் விட்டதைத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்: "ஒன் காது போவுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்! டாக்டர்கிட்ட போறதுக்கு நாலு வருசம் முன்னாடியே தெரியும்!"

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. செல்வி கையில் கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நின்றது. குணா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி புரிந்தும் புரியாத முகம். வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பினான். அவனுக்குக் கேட்காததையெல்லாம் செல்விதான் பக்கத்தில் வந்து நிறுத்தி நிறுத்திச் சொல்லும்.

"செல்வி, மச்சான் என்னா சொல்றான்? காது காதுங்குறான்?"

செல்வி என்னைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. படியிறங்கி வந்து அவன் வலது காதருகே குனிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னது:

"ஒண்ணுமில்ல. காது போனாலும் நீங்க அருமையா வாசிப்பீங்கன்னு சொல்றாரு."

குணா சிரித்தான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் தொடையில் ஓங்கித் தட்டி, "அதுக்கு எதுக்குடா இப்பிடிக் கத்துற?" என்றான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பழைய கச்சேரிகளைப் பற்றித் தானே பேச ஆரம்பித்தான். எந்த மேடையில் யார் கைத்தட்டினார்கள், எந்த ஊரில் ஒரே பாட்டை இரண்டு முறை கேட்டார்கள் என்று எல்லாம் நினைவு வைத்திருந்தான். நோட்டு என் பையிலேயே கிடந்தது.

கிளம்பும்போது செல்வி வாசல் கேட் வரை வந்தது. எப்போதும் வருவதுதான். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அது முந்திக்கொண்டது.

"அன்னிக்கி மோரு குடுக்கும்போது நான் கேட்டனே" என்றது. "வாய்விட்டுக் கேட்டனே."

பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை போலிருக்கிறது. "பாத்துப் போங்க" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தியது. இத்தனை வருடத்தில் அண்ணே என்ற சொல் இல்லாமல் செல்வி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.